ஐந்தாம் அத்தியாயம்: அடிக்குக் கால் அங்குலத்தில் ஒரு சோழமண்டலத் தோணி

உளியைத் தீட்டவும், மரத்தின் ரேகை பார்த்து அறுக்கவும், பசை உலரும்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கவும் முன் அத்தியாயங்களில் பழகிவிட்ட வாசகர், இனி எந்தக் கப்பலைக் கட்டுவது என்ற கேள்வியோடு இங்கே வந்திருப்பார். பெரும்பாலோர் மனத்தில் அதற்கு முன்பே ஒரு விடை உருவாகியிருக்கும். 1805இல் டிரபால்கர் போரில் நெல்சனைச் சுமந்து நின்ற விக்டரியோ, அதன் ஜாதியைச் சேர்ந்த வேறொரு மூன்று பாய்மரப் போர்க்கப்பலோதான் அந்த விடை. அத்தகைய கப்பலின் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை; ஆனால் 104 பீரங்கிகளுக்கும் தனித்தனியே வண்டியும் கயிறும் கட்டி முடிக்கும் சிரத்தை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முப்பதாவது பீரங்கியில் கை சலித்து, பெட்டியோடு பரணில் ஏற்றப்பட்ட விக்டரிகளைத் திண்டிவனத்திலேயே இரண்டு மூன்று வீடுகளில் கண்டிருக்கிறேன். முதற்கப்பலாக அதை எடுக்க வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

எதை எடுக்கலாம் என்றால், வீட்டுக்கு அருகில் ஓடியதை எடுக்கலாம் என்பேன். திண்டிவனத்தில் இருப்பவனுக்குக் கடல் ஏது என்று சிலர் நகைக்கலாம். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதிலிருந்து பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் இவ்வூரின் ஒரு பகுதியான கிடங்கில்தான் சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அதே நூலில் வரும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு பொருத்திக் காட்டும் ஆராய்ச்சியாளர் பலர். உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் அந்த மரக்காணத்தில்தான், ஆந்திரக் கரையில் காக்கிநாடாவில் புறப்பட்டுத் தெற்கே வரும் பக்கிங்ஹாம் கால்வாயும் முடிகிறது. அங்கிருந்து தெற்கே புதுச்சேரியைத் தாண்டினால், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானியப் பாண்டங்களை வெளிக்கொணர்ந்த அரிக்கமேடு. இந்தக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளிலே இரண்டு பாய்மரமுள்ள கப்பல் பொறித்திருப்பதை வரலாறு படித்த வாசகர் அறிவார். இப்படிப்பட்ட கரையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முதற்கப்பலுக்காக இங்கிலாந்துக்குப் போவானேன்?

ஆனால் காசின் மேலுள்ள ஒரு விரல்நகத்தளவு சித்திரத்தைக் கொண்டு அளவுமாதிரி கட்ட முடியாது. அளவுமாதிரி என்ற பெயருக்கு யோக்கியதை தருவது அளவு ஒன்றே. அளவு தெரியாமல் கட்டுவது பொம்மை. நம் கரையின் கப்பல்களுக்கு அடிக்கணக்கு எழுதி வைத்தவர்கள் சிலரே. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கப்பல் சாத்திரம் என்னும் தமிழ்ச் சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் பதிப்பித்திருக்கிறது. மர லட்சணத்தையும் நற்குறி தீக்குறிகளையும் அறிய அது உதவும். நம் வேலைக்கு உடனடியாகப் பயன்படுபவர், திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராக இருந்த ஜான் எடி. இவர் 1834இல் ராயல் ஏஷியாட்டிக் சங்கத்தின் சஞ்சிகையில், சோழமண்டலம், மலபார், இலங்கை ஆகிய கரைகளின் மரக்கலங்களைப் பற்றி நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். அதில் தோணிக்கு அவர் கொடுக்கும் கணக்கு இது: நீளம் ஏறக்குறைய 70 அடி, அகலம் 20 அடி, ஆழம் 12 அடி, அடிப்பகுதி தட்டை, அதன் மிக அகன்ற இடம் 7 அடி, முன்னும் பின்னும் அது குறுகிக் குறுகி, முனைத்தண்டின் கனமாகிய 10 அங்குலத்தில் முடியும், வெறுங்கலமாக இருக்கையில் 4 அடியும், பாரமேற்றிய பின் 9 அடியும் நீரில் அமிழும், பாய்மரம் ஒன்றே. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையிலும், ஆழமற்ற மன்னார் வளைகுடாவிலும் இவை ஓடின என்றும் சொல்கிறார்.

எடிக்கு இந்தத் தோணியின் மேல் மதிப்பில்லை. பேழை போன்ற வடிவம், அழகில்லாத கட்டு என்பது அவர் கருத்து. கப்பற்படைத் தச்சர் ஒருவர் வேறு எப்படிச் சொல்வார்? துறைமுகம் என்று ஒன்று இல்லாத கரையில், மணலில் தட்டினாலும் சாயாமல் நிற்கவும், நாலடித் தண்ணீரில் நுழைந்து திரும்பவும் தட்டையடியைத் தவிர வேறு உபாயம் இல்லை என்பதை அவர் கண்டிருக்கக் கூடும். அதைப் பாராட்ட அவருக்கு மனம் வரவில்லை. நமக்கோ அவர் குறையாகச் சொன்னதெல்லாம் சௌகரியமாக முடிகிறது. முன்பாதியும் பின்பாதியும் ஒரே வடிவம் என்று அவர் குறித்திருப்பதால், ஒரு பாதிக்கு வெட்டிய அச்சே மறுபாதிக்கும் போதும். அடி தட்டையாதலால், கட்டும்போது தாங்கு சட்டம் இல்லாமலே மேஜையில் நேராக நிற்கும். முதற்கப்பலுக்கு இதைவிட உகந்த கலத்தை நான் அறியேன்.

அடிக்குக் கால் அங்குலம் என்ற பிரமாணத்தை எடுத்துக்கொள்வோம்; அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. நீளம் 17½ அங்குலம், அகலம் 5, ஆழம் 3, அடியின் அகலம் 1¾, வெறுங்கலத்தின் நீர்க்கோடு 1 அங்குல உயரத்தில், பாரமேற்றிய நீர்க்கோடு 2¼ அங்குல உயரத்தில் என்று கணக்கு ஒரு பின்னமும் பிசகாமல் வந்து விழுகிறது. முனைத்தண்டின் 10 அங்குலம் மட்டும் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகும்; 5 என்றே வைத்துக்கொள்ளலாம். நீள அகலங்களை அங்குலத்திலும், மரத்தின் கனத்தை மில்லிமீட்டரிலும் நான் சொல்லி வருவது கண்டு வாசகர் முகம் சுளிக்க வேண்டாம். நம் தச்சர்கள் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள், அதில் ஒரு சௌகரியமும் உண்டு.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நிஜத் தோணிக்கு ஓடாவிகள் என்னும் கப்பல் தச்சர்கள் வேம்பும் இலுப்பையும் தேக்கும் எடுத்தார்கள். வங்குகள் என்னும் வளைந்த விலாச்சட்டங்களுக்குக் கருவேலங்கிளையின் இயற்கையான கோணலையே தேடிப் பயன்படுத்தினார்கள். நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் குறைக்கும்போது அதே மரம் உதவாது. தேக்கின் ரேகை பெரிது. ஒரு மில்லிமீட்டர்ப் பலகையில் அந்த ரேகை ஆளுயரக் கோடாகத் தெரியும். ரேகை நெருங்கிய, நிறம் சீரான மரம் வேண்டும். பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா இதற்கு மிகவும் நல்லது. புதிதாக இழைத்தபோது மஞ்சளாக இருந்தாலும், வெளிச்சம் பட்டுச் சில மாதங்களில் பழுப்பேறிவிடும். நாற்காலிக்கும் நிலைப்படிக்கும் அறுத்தது போகத் தச்சுப்பட்டறைகளில் மிஞ்சும் பலாத்துண்டுகளை விழுப்புரம் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள பட்டறைகளில் கேட்டு வாங்கலாம். பல வருஷம் காய்ந்த பழைய கட்டிற்கால் கிடைத்தால் அது பாக்கியம். பாய்மரத்துக்கும், பாயைத் தாங்கும் குறுக்குத்தண்டாகிய பருமலுக்கும் முற்றிய மூங்கிலின் கீற்று. உள்ளே மறைந்துவிடும் குறுக்குப் பலகைகளுக்கு 4 மில்லிமீட்டர் பிளைவுட்.

காயாத மரத்தைத் தொடாதீர்கள் என்று முன்பே எழுதியிருக்கிறேன்; ஏன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் முதல் தோணிக்கு அடிப்பலகையாக, நன்றாய்க் காய்ந்தது என்று சத்தியம் செய்து ஒருவர் விற்ற மாம்பலகையை வாங்கினேன். பங்குனி வெயிலில் வேலை ஆரம்பித்து, புரட்டாசிக்குள் பலகையெல்லாம் ஒட்டி முடித்து, கொலு வைக்கும் நாளில் பெருமையாகப் படியின் ஓரத்தில் நிறுத்தியும் வைத்தேன். ஐப்பசி மழை பிடித்துப் பத்து நாள் ஈரக்காற்று அடித்தது. ஒரு காலை பார்த்தால், தோணி வாழைப்பழம் போல் ஒருபக்கமாக வளைந்து நிற்கிறது. வளைந்த அடியை நிமிர்த்த எந்தச் சாஸ்திரத்திலும் வழியில்லை. ஆகவே, மரத்தை அறுத்தபின் கீற்றுகளாகவே ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வீட்டிற்குள் போட்டு வைத்துவிட்டு, தை பிறந்த பிறகு வேலையைத் தொடங்குவதுதான் இந்தப் பக்கத்துச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது.

அடிப்பலகை இந்தத் தோணியின் உயிர்நாடி. கூரிய கப்பல்களிலே ஏரா என்னும் அடிமரம் செய்யும் வேலையை இதிலே இந்தத் தட்டைப் பலகையே செய்கிறது. 6 மில்லிமீட்டர் கனமுள்ள பலாவில் 15 அங்குல நீளத்துக்கு, நடுவில் 1¾ அங்குலமும் இருமுனையில் 5 மில்லிமீட்டருமாக, மாவிலையின் வடிவத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். மீதி 2½ அங்குலம் இரு முனைத்தண்டுகளின் வெளிச்சாய்வுக்கு, பக்கத்துக்கு 1¼ ஆகப் போய்விடும். மாவிலையின் நடுநரம்பு போல ஒரு நேர்கோட்டைப் பென்சிலால் இழுத்து, அதை வேலை முடியும்வரை அழியாமல் காப்பாற்ற வேண்டும். பின்னால் வரும் அத்தனை அளவுகளுக்கும் அதுவே சாட்சி.

இதன்மேல் ஒன்பது குறுக்குப் பலகைகள் நிற்கும். மொத்த நீளத்தைப் பத்தாகப் பகுத்தால் 1¾ அங்குலத்துக்கு ஒன்றாக ஒன்பது இடம் வரும். நடுப்பலகை ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் ஜோடி ஜோடியாக நான்கு. முன் பின் ஒத்த வடிவமாதலால் ஐந்தே அச்சுகளை அட்டையில் வெட்டினால் போதும். மேல் விளிம்பின் அகலம் நடுவில் 5 அங்குலம். பிறகு முறையே 4⅞, 4½, 3¾, 2¼. அடியின் அகலம் 1¾, 1⅝, 1¼, ⅞, ⅜. நடு அளவுகள் எடியினுடையவை; இடையில் உள்ளவை, ஒரு மெல்லிய மூங்கிற்கீற்றை வளைத்து அதன் இயற்கையான வளைவைப் பின்பற்றி நான் வரைந்துகொண்டவை. உங்கள் கீற்று வேறுவிதமாக வளைந்தால் அதையே நம்புங்கள். காகிதத்தில் எழுதிய எண் பொய் சொன்னாலும் வளையும் மூங்கில் பொய் சொல்லாது. அட்டையை நடுவில் மடித்து, இரண்டு பக்கத்தையும் ஒரே வெட்டில் வெட்டுவது ஒரு சிறு யுக்தி. இடமும் வலமும் பேதமில்லாமல் வரும். மேல் விளிம்பு இருமுனையிலும் கால் அங்குலம் உயர்ந்திருக்கட்டும். அந்த மெல்லிய ஏற்றம் இல்லாவிட்டால் எடி சொன்ன பேழை உண்மையிலேயே பேழையாகிவிடும்.

குறுக்குப் பலகைகளை ஒட்டி உலர்ந்ததும், அவற்றின் விளிம்புகளை உப்புத்தாள் சுற்றிய கட்டையால் சரித்துத் தேய்க்க வேண்டும். இந்த வேலையை அவசரப்படுத்துகிறவர்கள் பின்னால் வருந்துவார்கள். முனையை நோக்கி வளைந்து போகும் பலகை, குறுக்குப் பலகையின் முழுக் கனத்திலும் படிய வேண்டும்; ஓரத்தில் மட்டும் பட்டால் ஒட்டு நிற்காது. ஒரு கீற்றை வைத்து வைத்துப் பார்த்து, ஒளி புகாத அளவுக்குத் தேய்த்த பிறகே அடுத்த காரியம்.

இனி மேனிப் பலகைகள். 1 மில்லிமீட்டர் கனம், 5 மில்லிமீட்டர் அகலம். நிஜத்தில் இது இரண்டங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனமும் ஒன்பதரை அங்குல அகலமும் உள்ள பலகைக்குச் சமம். இவ்வளவு பெரிய கலத்துக்கு அது நம்பத் தகுந்த அளவே. நடுக் குறுக்குப் பலகையின் ஓரமாக, அடியிலிருந்து விளிம்புவரை ஒரு நூலை வைத்து அளந்தால் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் வரும்; ஆகப் பக்கத்துக்கு 18 பலகை. கூரிய மூக்குள்ள ஐரோப்பியக் கப்பலில் நடுவில் அகன்ற பலகை முனைக்கு வரும்போது பாதியாக இளைத்தாக வேண்டும். அந்தக் கணக்கில்தான் புதியவர்கள் தோற்றுப்போகிறார்கள். நம் தோணியிலோ, சாய்ந்து உயர்ந்த முனைத்தண்டின் நீளமும் கிட்டத்தட்ட அதே அளவாகவே இருப்பதால், பலகைக்கு இரண்டு மூன்று இழைப்பு இழைத்தால் அடங்கிவிடும். ஆனாலும் நாலு பலகைக்கு ஒருமுறை நூல்பிடித்து மிச்சத்தை அளந்து, மிஞ்சிய பலகைகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒன்று வைத்தால் உடனே வலப்பக்கம் ஒன்று வைக்க வேண்டும். ஒரே பக்கமாக ஏழெட்டுப் பலகை ஏற்றினால், அவற்றின் இழுப்பில் தோணியே முறுக்கிக்கொள்ளும்.

முனைக்கு வளைய மறுக்கும் பலகையைக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு, சூடான இரும்புக் குழாயின்மேல் மெதுவாக அழுத்தி வளைத்து, நூலால் கட்டி உலரவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும்; ஈரப்பலகையை ஒட்டினால் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும். வெள்ளை மரப்பசையைத் தீக்குச்சி முனையால் தடவினால் போதும், பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். பசை படிந்த இடத்தில் பின்னால் சாயம் ஏறாது. எவ்வளவு தீட்டினாலும் வெண்குஷ்டம் போலத் தெரியும்.

இரண்டு பலகைகளின் சந்தில் பஞ்சையும் கயிற்று நாரையும் அடித்து, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சி ஊற்றி அடைப்பதைக் கலப்பற்று என்பார்கள். அந்தக் கருங்கோட்டைச் சிறிய அளவில் காட்ட, ஒவ்வொரு பலகையின் ஒரு விளிம்பிலும் மென்மையான கரிப்பென்சிலை ஒருமுறை ஓட்டிவிட்டு ஒட்டினால் போதும். ஆணி விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். ஓரங்குல ஆணித்தலை நம் பிரமாணத்தில் அரை மில்லிமீட்டர்தான். கடையில் விற்கும் குண்டூசியை வரிசையாக அடித்துவிட்டுப் பெருமைப்படுகிறவரின் தோணி, தலை ஒவ்வொன்றும் இளநீர்க் காயளவான ஆணிகளால் கட்டப்பட்டதாகத் தோன்றும். ஊசி முனையால் ஒரு குத்து, அதில் ஒரு துளி கருமை; அவ்வளவே.

மேற்பக்கத்தில் முனைகளில் மாத்திரம் தளம் அமைத்து, நடுவே சரக்கு இருக்கும் இடத்தைக் கீற்றுக் கூரையால் மூடிவிடுவது என் வழக்கம். உள்ளே நிற்கும் பிளைவுட்டை மறைக்க இதைவிடக் கௌரவமான வழி இல்லை. பனையோலையை நகத்தால் இரண்டு மில்லிமீட்டராகக் கிழித்துப் பின்னினால், தென்னங்கீற்றின் தோற்றம் அச்சாக வந்துவிடும். பனைக்கு விழுப்புரம் பக்கத்தில் பஞ்சமில்லை.

வர்ணம் தீட்டுவதில்தான் இந்தக் கலையில் பாதிப்பேர் வழிதவறுகிறார்கள். கட்டும்வரை நிதானமாக இருந்தவர்கள், தூரிகையை எடுத்ததும் கல்யாண வீட்டுக் கதவுக்குப் போல் பளபளப்பாக எனாமலைப் பூசிவிடுகிறார்கள். நாற்பத்தெட்டில் ஒரு பங்கான தோணியை ஒரு முழ தூரத்தில் இருந்து பார்ப்பது, நிஜத் தோணியை எழுபது அடிக்கும் மேலான தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் எந்த வர்ணமும் தன் முழு வீரியத்தோடு கண்ணுக்கு வராது. இடையில் காற்றும் வெளிச்சமும் இருக்கின்றன. ஆகவே கறுப்பு வேண்டிய இடத்தில் கரிச்சாம்பல், வெள்ளை வேண்டிய இடத்தில் பழுத்த வெள்ளை என்று ஒரு படி தணித்தே கலக்க வேண்டும். பளபளப்பு அறவே கூடாது.

நீருக்குள் இருக்கும் பகுதிக்கு, புழு துளைக்காமலிருக்கச் சுண்ணாம்பை எண்ணெயோடு குழைத்துப் பூசுவது நம் கடற்கரைகளின் பழைய வழக்கம். அதற்காக நிஜச் சுண்ணாம்பைப் பூசாதீர்கள்; உதிர்ந்துவிடும். வெள்ளை வர்ணத்தில் ஒரு துளி மஞ்சட்காவியும் அதில் பாதி கறுப்பும் சேர்த்து, தண்ணீர் போல் நீர்த்து நான்கு முறை பூசுங்கள். கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு, 2¼ அங்குல உயரமுள்ள கட்டையின் மேல் பென்சிலை வைத்து, தட்டையான மேஜையில் தோணியைச் சுற்றிக் கட்டையை நகர்த்தினால் பாரமேற்றிய நீர்க்கோடு தானே விழும். அதற்கு மேலே முக்கால் அங்குலந்தான் மிச்சம் இருக்கும்; முழுப்பாரம் ஏற்றிய தோணியின் விளிம்பு கடல்மட்டத்துக்கு மூன்றே அடி உயரத்தில் இருந்தது என்பது அப்போதுதான் மனத்தில் உறைக்கும். கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் மீனெண்ணெய் ஏறி ஏறிக் கறுத்த மரம். பலாவின் மேல் கரும்பழுப்பை மிக நீர்த்துப் பூசி, நன்றாக உலர்ந்தபின் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் ஒருமுறை தேய்த்துத் துடைத்தால் அந்த நிறம் கிடைக்கும். வரிசையை மாற்றி முதலில் எண்ணெயைத் தேய்த்தால் நீர்வர்ணம் ஒட்டாது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள்; ஆளிவிதை எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது, அதிலும் கத்திரி வெயில் நாளில் கேட்கவே வேண்டாம். விரித்துக் கொடியில் உலர்த்திய பிறகே எறிய வேண்டும். மழைநாளில் வார்னிஷ் வேலையைத் தொடாமலிருப்பதும் உத்தமம்; ஈரக்காற்றில் அது பால் பூத்துப்போகும்.

பாய்க்குக் கடைத்துணி உதவாது. பலமுறை துவைத்து நைந்த பழைய மல் வேட்டி ஒன்றே தகுதியான சாதனம். அதன் நூல் மெலிந்திருக்கும். பாய்த்துணி இரண்டடி அகலப் பட்டைகளாகத் தைக்கப்பட்டதாகக் கொண்டு, அரை அங்குலத்துக்கு ஒரு மெல்லிய பென்சிற்கோடு இழுங்கள். தையல் இயந்திரத்தில் கொடுக்க ஆசை வரும், வேண்டாம். அதன் இரண்டு மில்லிமீட்டர்த் தையல் நிஜத்தில் நாலங்குலத் தையலாகும், அப்படித் தைத்தவன் கும்பகர்ணனாக இருந்திருக்க வேண்டும். இங்கேதான் புளியங்காட்டுக்காரர்களுக்கு ஓர் அனுகூலம். புளியங்கொட்டையின் தோலைக் கொதிக்கவைத்த செங்காவிச் சாயத்தில் துணியைத் தோய்த்து, பருப்பை அரைத்துக் காய்ச்சிய பசையை நீர்த்துத் தடவி, காற்றுப் புடைப்புக்கு ஏற்றபடி ஒரு சட்டியின் முதுகில் விரித்து உலர்த்தினால், நிறமும் விறைப்பும் ஒரே மரத்திலிருந்து கிடைத்துவிடுகின்றன. பாய்மரம் 12 அங்குலம், அடியில் கால் அங்குலக் கனம். பருமல் 10 அங்குலம். நாற்கோணப் பாயைப் பருமலில் கட்டி, ஆஞ்சான் கயிற்றால் ஏற்றி, கீழ்மூலையின் தாமான் என்னும் கயிற்றைப் பின்பக்கம் இழுத்துக் கட்டினால் முடிந்தது. கயிற்றுக்குப் பருத்தி நூலை மூன்றாக முறுக்கி, தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் மயிர் படிந்துவிடும். ஓரங்குலக் கயிறு அரை மில்லிமீட்டர் என்ற கணக்கை இங்கேயும் மறக்க வேண்டாம். ஐரோப்பியக் கப்பலில் கண்ட ஏணிக்கயிறுகளை அழகுக்காக இதில் சேர்ப்பது பெரும் பிழை.

ஒரு சிறு பொருளை மட்டும் விட்டுவிடக் கூடாது. இந்தத் தோணிக்காரர்கள் வழி கண்ட விதத்தையும் எடி எழுதியிருக்கிறார்: நடுவில் கயிறு கோத்த ஒரு சதுரப் பலகை, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சை மூக்கு நுனியில் பொருத்திப் பலகையை நீட்டி, அதன் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் பொருந்தினால், அந்த முடிச்சுக்குரிய ஊரின் நேரில் கலம் வந்துவிட்டது என்று அர்த்தம். இதை முரட்டுத்தனமான மாலுமித்தனம் என்று அவர் ஒதுக்குகிறார். இராப்பலகை என்று தமிழில் வழங்கிய அந்தச் சாதனத்தை, இரண்டு மில்லிமீட்டர்ச் சதுரச் சீவலாக வெட்டி, ஒற்றை நூலில் கோத்து, சுக்கானுக்கு அருகில், கலத்தின் தலைவனாகிய தண்டையலின் கை எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். பார்ப்பவர் நூற்றுக்கு ஒருவர்தான் கேட்பார். அந்த ஒருவருக்காகத்தான் இந்த வேலையெல்லாம்.

கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுத வேண்டும். சோழமண்டலத்திலும் யாழ்ப்பாணத்திலும் இந்துக்களின் கலங்களில் முன்முனையின் இருபக்கமும் கண் வைக்கும் வழக்கத்தைச் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஸ்தபதி விக்கிரகத்துக்குக் கண் திறப்பது போலவே இதுவும். வெள்ளையில் ஒரு நீள்வட்டம், நடுவில் கருமணி; ஒன்றரை மில்லிமீட்டர்த் தூரிகையின் நுனிமயிரால், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே முயற்சியில் எழுதுங்கள். நடுங்கினால் அழித்துவிட்டு மறுநாள் எழுதலாம். அவசரமில்லை.

இந்தத் தோணியில் கை தேறியவர், அடுத்ததாக, வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை பாய்விரித்து ஓடிய அன்னபூரணி அம்மாளைக் கட்டலாம்; அதற்கு வேண்டிய இருபாய்மரக் கயிற்றுக் கணக்கை அடுத்த அத்தியாயத்தில் தருகிறேன்.

அதற்குமுன் ஒரு விண்ணப்பம். வளைந்துபோன முதல் தோணிக்குப் பிறகு கட்டிய என் இரண்டாவது தோணியை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் முன் மரக்காணத்துக்கு எடுத்துப்போய், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் காட்டினேன். அவர் அதை இரு கையாலும் வாங்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்து, மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். "கட்டு எல்லாம் சரிதான் வாத்தியாரே. ஒரு நாளாச்சும் கடலுக்குப் போய் வந்துச்சா இது?" என்று கேட்டுவிட்டு, வெள்ளை வெளேரென்று இருந்த பாயின்மேல் விரலை வைத்தார். புளியங்கொட்டைச் சாயம் அதற்குப் பிறகு வந்ததுதான். உங்கள் தோணியையும் பெட்டியில் பூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கடற்கரைக்குக் கொண்டுபோய் அப்படி ஒருவரிடம் காட்டுங்கள்; அவர் சொல்லும் குறையைத் திருத்திய பிறகு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.